விரல் பிடிக்கும் உத்தியோகம்

பிறத்தியார் பணத்தை ஆசையாக வாங்கிப் பூட்டி வைப்பதும், அவர்கள் திருப்பிக் கேட்டால் மனசு வராமல் இழுத்தடிப்பதும்தான் பேங்க் தொழில். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்களும் இந்தப் பக்கம் இருந்து முதுகு ஒடிந்தவர்களும் பட்டது ஒரே பாடுதான் என்பதால் உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம். அதிலும் ஆண்கள் மட்டுமே இருக்கிற ஆபீசில் ஒற்றைப் பெண்ணாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒன்றையும் விளக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உங்களோடு சேர்ந்து புலம்பிக் கொள்கிறேன்.

ஊர் நாகர்கோவில். பேங்க், மணிக்கூண்டு நிற்கிற மணிமேடையிலிருந்து கூப்பிடு தூரம். பேர் வேண்டாம். பிற்பாடு அதைவிடப் பெரிய பேங்க் ஒன்று அதை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. சுதந்திரம் வந்து, திருவிதாங்கூர் திருக்கொச்சியாகி, எந்த ஆபீசில் எந்தப் போர்டு தொங்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லாத வருஷங்கள் அவை. என் பெயர் எஸ்தர்பாய். இன்டர்மீடியட் பாஸ். அப்பா தவறிவிட்டார். அம்மாவும், டிரெயினிங் ஸ்கூலில் படித்த தங்கையும் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள்.

மூன்று மட்டம்

என்னை எதற்கு வேலைக்கு எடுத்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்புக்காக என்று நினைத்தால் நீங்களும் என் அம்மா மாதிரி வெகுளி.

எழுதத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் பேங்கில் கைநாட்டு வைக்க வேண்டும். அவர்களே மையில் தொட்டு அமுக்கினால் தோசைக் கருகல் மாதிரி அப்பிவிடும், ரேகை தெரியாது. குமஸ்தா அவர்களுடைய பெருவிரலைப் பிடித்து, மையில் பைய உருட்டி, பிறகு காகிதத்தில் பைய உருட்ட வேண்டும். ஆண்கள் விரல் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பூதப்பாண்டிப் பக்கத்துப் பெண்களுக்கு வயலும், எங்கள் பேங்கில் பங்கும் சொந்தப் பெயரிலேயே இருந்தன. சொத்து மாமனிடமிருந்து உடன்பிறந்தாள் மகனுக்குப் போகிற மருமக்கள்வழி ஒழிந்து குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது அவரவர் பேருக்கு வந்தது. பேர் அவர்களுடையது, காரியம் பார்ப்பது புருஷன்மார். விரல் மட்டும் நேரில் வந்தாக வேண்டும்.

அப்படி உமையம்மை அக்காளும் அவள் புருஷன் பூதலிங்கம் அண்ணாச்சியும் பூதப்பாண்டியிலிருந்து வந்திருக்கிறார்கள். குமஸ்தா அக்காளின் விரலைப் பிடித்தார். அப்பிவிட்டது. துடைத்துவிட்டு இன்னொரு தரம் பிடித்தார். அதுவும் சரியில்லை. அடுத்த தரம் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி குடையை ஓங்கிவிட்டார். பேங்கே எழுந்து நின்றது. அவர் போட்ட சத்தம் மணிமேடை வரை கேட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்கள்.

“கல்யாணத்தன்னைக்கு நானே இவ கைய ஒரு மட்டந்தான்வே பிடிச்சேன். நீரு மூணு மட்டம் பிடிச்சாச்சு!”

தகுதி

அந்தக் குடைக்குப் பயந்து, பெண்கள் விரலைப் பிடிக்க ஒரு பெண்ணைப் போடலாம் என்று டைரக்டர்கள் தீர்மானம் போட்டார்கள். நான் சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கேள்வி கேட்டவர் டைரக்டர் ஆறுமுகப்பெருமாள். பேங்கில் அவர் வைத்ததுதான் சட்டம். மைதானத்தில் கூட்டம் நடந்தால் தமிழர் உரிமை, மக்கள் உரிமை என்று தொண்டை கட்டுகிற வரை பேசுவார். பேங்குக்குள் நுழைந்ததும் தொண்டை சரியாகிவிடும், உரிமையும் வாசலோடு நின்றுவிடும்.

“கைய நீட்டு பிள்ளே” என்றார். நீட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைத்தான் பார்ப்பார்கள். “வேர்க்குமா?” என்று கேட்டார். வேர்க்காது என்றேன். அதை ஏஜெண்டு சார் எழுதிக்கொண்டார். ஏஜெண்டு என்றால் கிளையின் தலைவர். நல்ல மனுஷன், ஆனால் டைரக்டர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். எனக்குக் கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். டைரக்டர் பெரிய மனசோடு சிரித்தார்.

“கணக்கெல்லாம் ஆம்பிளைய பாத்துக்கிடுவா. நீ விரலப் பாத்துக்கிட்டாப் போரும்.”

ஆளு யாரும் இல்லியா?

எனக்குக் கிடைத்தது ஒரு ஓலைத் தட்டியும் அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூலும். மற்றவர்களுக்கு நாற்காலி. தட்டி எனக்கு மறைப்பா, என்னைப் பார்த்துவிடாமல் வாடிக்கைக்காரர்களுக்கு மறைப்பா என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

விரல் எப்போதும் வருமா? வராத நேரத்தில் குமஸ்தாக்கள் தங்கள் வேலையைத் தட்டிக்கு மேலாக என்னிடம் தள்ளிவிடுவார்கள். செய்தேன். காலப்போக்கில் அந்த ஆபீசில் என் கை படாத வேலை ஒன்றுதான் மிச்சம், காஷியர் வேலை. கம்பிவலை போட்ட கூண்டுக்குள் நல்லபெருமாள் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். வெற்றிலையும் குதப்புவார், எண்ணவும் செய்வார், ஒன்று மற்றதைத் தடுக்காது. சம்பளம் என்னுடையதைப்போல இரட்டிப்புக்கும் மேல். அதோடு ஊரே அந்தக் கூண்டுக்கு முன்னால் வந்து காத்து நிற்கும். சும்மா மறைத்துப் பேசுவானேன், எனக்கு அந்தக் கூண்டு வேண்டும். ராத்திரி ஜெபத்தில்கூட அதைச் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் தெருவில் பெரிய ஊர்வலம் ஒன்று போனது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோஷம். ஆபீஸ் ஆண்கள் எல்லோரும் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் கவுண்டரில் வந்து நின்றேன். தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மேஜைக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். “ஆளு யாரும் இல்லியா?” என்று கேட்டார். “நான் இருக்கேனே அண்ணாச்சி, என்ன வேணும்?” என்றேன். அவருக்கு என் மேல் கோபமொன்றும் இல்லை. மிகவும் பொறுமையாகத்தான் சொன்னார்.

“நீ இருக்கது தெரியுது மக்கா. ஆளு யாரும் இல்லியாண்ணுதான் கேட்டேன்.”

கண்டக்டர் சாட்சி

கடியப்பட்டணத்து மரியம்மை அக்காள் மீன் ஏலம் பிடித்து விற்பவள். கையில் ரேகை என்ற ஒன்றே கிடையாது. உப்பும், மீன் செதிளும், கத்தியும் அதை எப்போதோ தின்றுவிட்டன. நான் என்னதான் உருட்டினாலும் காகிதத்தில் விழுவது ஒரு கறுப்பு வட்டம். ஏஜெண்டு சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “பழைய ரேகையோட ஒத்துப்போகலியே, இது மரியம்மைதான்னு எப்படி நம்புகது?” என்பார். “எம்மூஞ்சியப் பாத்து நம்பும் சாரே” என்பாள். மூஞ்சிக்குச் சட்டத்தில் இடமில்லையாம். யாராவது வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்.

அக்காள் விடுவிடுவென்று வெளியே போய் பஸ் கண்டக்டர் ஒருத்தரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் காக்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு சாட்சி சொன்னார்: “மரியம்மைதான் சார். மீன்கூடைக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுக்க மாட்டேம்னு எங்கிட்ட நெதமும் சண்டை போடுகது இந்த அம்மாதான்.” ஏஜெண்டு சார் திருப்திப்பட்டார். அதற்குப் பிறகு அவள் பணம் எடுக்க வரும்போதெல்லாம் பஸ் ஒன்று வாசலில் நின்று உறுமும், உள்ளே இருக்கிற பிரயாணிகள் எங்கள் பேங்கை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சமூக சேவை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மை சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறு கறுக்கும். நாளெல்லாம் பிறத்தியார் விரலை உருட்டிக்கொண்டிருந்தால் கூண்டுக்குள் போவது எப்போது? தட்டிக்குப் பின்னால் மரியம்மை அக்காளை உட்கார வைத்து, வருகிற நாளிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேரை எழுதப் பழக்கினேன். மீனை எட்டாக அறுக்கிற கைக்குப் பென்சில் மசியவில்லை. வேர்த்துக் கொட்டினாள், என்னையும் பென்சிலையும் சேர்த்து வைதாள், ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஒருநாள் ஏஜெண்டு சார் மேஜையில் எல்லோரும் பார்க்கத் தன் பேரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“சாரே, இனி எனக்க ரூவாய எடுக்க கண்டக்டருக்க தொணை வேண்டாமில்லா?”

வாசலில் ஒரு பேர்

அவ்வளவுதான், தட்டி மறைவு பள்ளிக்கூடமாகிவிட்டது. லேஸ் பின்னுகிற பெண்கள், பூக்கட்டுகிற பெண்கள் என்று மடியில் துண்டு சிலேட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உமையம்மை அக்காளும் பூதப்பாண்டிப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டாள். சிலேட்டு வாங்குவது தண்டச் செலவு என்று அவள் வீட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது பூதலிங்கம் அண்ணாச்சி அந்தப் பழைய குடையோடு என் தட்டிக்கு முன்னால் வந்து நின்றபோதுதான். நான் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

“எம்மா, எங்க வீட்டு வாசல்ல இப்பம் கோலம் இல்ல. காலையில மாவ எடுத்தா அவ பேரத்தான் எழுதுகா. போறவன் வாறவன் எல்லாம் நிண்ணு வாசிக்கான். நான் வயலுக்குப் போணும்னா அவ பேரத் தாண்டித்தான் போணும்” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, நான் நிறுத்தச் சொல்கிறேன் என்று வாய் குழறினேன். அவர் இடமும் வலமும் பார்த்துவிட்டுத் தட்டிக்குள் தலையை நீட்டினார். குரல் இறங்கிவிட்டது.

“நிறுத்தாண்டாம். கீழ எம்பேரையும் எழுதச் சொல்லிக் குடு. நாலு பேரு பாக்குற எடம்லா.”

எந்த நாள்?

நல்லபெருமாள் அண்ணாச்சி ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும் காஷியர் வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். தகுதி இருக்கிறது, வேலை தெரியும், கேட்டுப் பார்ப்பதில் என்ன? டைரக்டர்கள் கூடியிருந்த அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆறுமுகப்பெருமாள் கனைத்தார். பேங்க் இரும்புப் பெட்டிக்கு வெள்ளிதோறும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் திறப்பார்கள். அது காஷியர் வேலையில் சேர்ந்தது. நான் கிறிஸ்தவ வேதக்காரியாயிற்றே, அதுதான் இடைஞ்சலோ என்று நினைத்து, சூடம் காட்ட பியூன் இருக்கிறாரே என்றேன். “அது இல்ல பிள்ளே” என்றார். “பொட்டி லெச்சுமியாக்கும். எல்லா நாளும் எல்லாரும் தொட முடியாது. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாளு… அந்த மாதிரி நாளு…”

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் காது மடல் சுட்டது, வெட்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். நீயே வாயால் சொல், நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, “எந்த நாளு சார்?” என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் மின்விசிறியைப் பார்த்தார். மைதானத்தில் மைக் இல்லாமலே முழங்குகிறவர் அடித்தொண்டையில் முணுமுணுத்தார். “அதான்… ஒதுங்கி இருக்க நாளு” என்றார். “ஞாயித்துக்கெழமையா சார்? அன்னைக்கு பேங்கே லீவாச்சே” என்றேன். ஏஜெண்டு சாருக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியில் நல்லபெருமாள் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, பெட்டியின் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்று நீரே சொல்லும் என்றார்கள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

“குளிக்காம வந்து நான் தொறந்த நாளு எத்தனையோ உண்டு. பொட்டி ஒரு நாளும் எங்கிட்ட மொறச்சதில்ல.”

கெட்டிக்காரி

பலன் இல்லை. காஷியர் வேலை டைரக்டரின் மருமகனுக்கு, அதாவது அவருடைய உடன்பிறந்தாள் மகனுக்கு என்று முடிவாகிவிட்டது. மருமக்கள்வழி சட்டத்தில்தான் ஒழிந்திருந்தது, டைரக்டர் மனசில் ஒழியவில்லை. அதோடு விட்டிருந்தாலும் தொலைகிறது என்று இருந்திருப்பேன். என்னைக் கூப்பிட்டு, “இப்பம் பொம்பளைய எல்லாம் கையெழுத்துப் போடுகாளே. விரல் பிடிக்க வேலை இல்லியே. இந்தப் பொதுக்கூட்டத்தோட உன் போஸ்ட எடுத்திரலாம்னு இருக்கோம்” என்றார். போகும்போது, பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்ததற்கு ஒரு பாராட்டும் சொன்னார், பாவி மனுஷன்.

தட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அழுதேன். தங்கைக்கு இன்னும் பரீட்சைகூட வரவில்லை. வீட்டில் போய் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? கூண்டுக்கு ஆசைப்பட்டு ஸ்டூலையும் தொலைத்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சல். மரியம்மை அக்காளை அந்தக் கண்டக்டரோடேயே விட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஏஜெண்டு சார் மெல்ல வந்து தட்டிக்கு அந்தப் பக்கமாக நின்றார். எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, ஆறுதல் சொல்லவும் ஆசை.

“இவ்வளவு கெட்டிக்காரியா வேலை செஞ்சா வேலை போகத்தாம்மா செய்யும்.”

என்ன எழுதியிருக்கு?

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு சடங்கு உண்டு. பங்கு உள்ளவர்கள் எல்லோருக்கும் கூட்டத்தில் ஓட்டு உண்டு. வர முடியாதவர்கள் தங்கள் ஓட்டை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கலாம், அதற்கு புராக்சி என்று பேர். பூதப்பாண்டிப் பெண்கள் யாரும் கூட்டத்துக்கு வந்ததே கிடையாது. அவர்கள் புராக்சி எல்லாம் ஆறுமுகப்பெருமாள் பேருக்குத்தான் போகும். அந்தப் புராக்சிக் கட்டை எடுத்து மேஜையில் வைத்துத்தான் அவர் ஒவ்வொரு தரமும் டைரக்டராகிவிடுவார். அவர்கள் வீட்டு உள்கட்டுக்குப் போய் விரலைப் பிடிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. வேலையை விட்டு நிறுத்துகிறவளிடமே காகிதக் கட்டையும் மைப்பெட்டியையும் கொடுத்து, “போறதுக்கு முன்ன இத மட்டும் முடிச்சிரு” என்று அனுப்பினார். அந்த மனுஷருக்கு எங்கள் விரல் தவிர வேறு எதுவும் கண்ணில் பட்டதில்லை.

உமையம்மை அக்காள் வீட்டில் போய் மைப்பெட்டியைத் திறந்தேன். “ஏட்டி, மூடு அத. எனக்குத்தான் எழுதத் தெரியுமே” என்றாள். பேனாவைக் கொடுத்தேன். வாங்கினாள், குனிந்தாள், எழுதாமல் நிமிர்ந்தாள். “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எந்தச் சூழ்ச்சியோடும் போகவில்லை. கேட்டாள், உள்ளதைச் சொன்னேன். “இது யாருக்க ஓட்டு?” “உங்க ஓட்டுதான் அக்கா.” “அவருக்கு எதுக்குக் குடுக்கணும்?” “நீங்க கூட்டத்துக்கு வர மாட்டியளே, அதனால.” “வந்தா?” “வந்தா நீங்களே போடலாம்.” அப்போதுதான் என் வேலை போகிற கதையும் வாயில் வந்துவிட்டது. அடக்கி வைக்க முடியவில்லை, கண்ணும் நிறைந்துவிட்டது. அக்காள் பேனாவை மூடி என்னிடமே திருப்பித் தந்தாள். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் பேனாவை வாங்கிக்கொண்டு, எழுதுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து விரலை மடக்கிக்கொண்டார்கள். திரும்பும்போது உமையம்மை அக்காளிடம், இத்தனை வருஷமும் ஏன் அக்கா ஒருத்தரும் கேட்கவில்லை என்றேன்.

“விரல உருட்டுனப்போ ஒண்ணும் கேக்கத் தோணல பிள்ளே. நம்ம பேர நாமளே எழுதணும்னா கேக்கத்தான தோணுது?”

பொதுக்கூட்டம்

வெறும் கையோடு திரும்பி வந்த என்னை டைரக்டர் வைத வசவை இங்கே எழுத முடியாது. அதில் உரிமை என்ற வார்த்தை மட்டும் இல்லை.

கூட்டத்தன்று பேங்க் மாடியில் நாற்காலிகள் போட்டிருந்தது. தலைவர் ஸ்தானத்தில் ஒரு வயதான வக்கீல். கூட்டம் தொடங்கப் போகும்போது படியில் வளையல் சத்தம். உமையம்மை அக்காள் முன்னால், அவளுக்குப் பின்னால் பூதப்பாண்டிப் பெண்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். வெற்றிலைச் செல்லமும், வழிக்கு முறுக்கும், இடுப்பில் ஒரு கைக்குழந்தையும்கூட இருந்தது. பின்னால் காலியாக இருந்த இடத்தை பியூன் காட்டினார். அவர்கள் நேராக முதல் வரிசைக்குப் போனார்கள். அங்கே இருந்த கனவான்கள் எழுந்திருப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்தே விட்டார்கள். குடையோடு பூதலிங்கம் அண்ணாச்சி கடைசி வரிசையில் போய் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டார். நான் சுவரோரம் நின்றேன்.

ஆறுமுகப்பெருமாளை மறுபடியும் டைரக்டராகத் தேர்ந்தெடுக்கும் தீர்மானம் வந்தது. யாருக்காவது கேள்வி உண்டா என்று வக்கீல் வழக்கம்போல் காகிதத்தைப் பார்த்தே கேட்டார். “உண்டு” என்று அக்காள் எழுந்தாள். பேங்க் சரித்திரத்தில் அந்தக் கேள்விக்கு முதல் முதலாக ஒரு பதில். “இந்த எஸ்தர்பாயை எதுக்கு வேலைய விட்டு நிறுத்துகிய?” டைரக்டர் பெரிய மனுஷத் தோரணையில் எழுந்து நின்று சிரித்தார். “அம்மா, அந்தப் பிள்ளைய எடுத்தது உங்க விரலைப் பிடிக்கதுக்கு. இப்பம் நீங்க எல்லாம் கையெழுத்துப் போடுகிய. விரலுக்கு வேலை இல்ல, அப்பம் விரல் பிடிக்கவளுக்கும் வேலை இல்ல. இது நியாயந்தான?” முதல் வரிசைக்குப் பின்னால் நாலு பேர் தலையாட்டினார்கள். போச்சு, இதற்கு என்ன பதில் இருக்கிறது?

அக்காள் அவசரப்படவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கினாள்.

“நியாயந்தான். ஒம்ம இத்தன வருசம் டைரக்டரா உக்காத்தி வச்சதும் எங்க விரல்தான வேய். விரலுக்கு வேலை இல்லண்ணா, ஒமக்கு இங்க என்ன வேலை?”

காப்பி இடைவேளை

முதலில் சிரித்தது கடைசி வரிசைக் குடைக்காரர். பிறகு மாடியே குலுங்கியது. வக்கீலுக்குச் சட்டப் புத்தகத்தில் இதற்கு விதி எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, காப்பிக்கு இடைவேளை விட்டார்.

ஆறுமுகப்பெருமாள் முதல் வரிசையை ஒரு தரம் கண்ணால் எண்ணினார். அவ்வளவும் போனால் தன் கதி என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காப்பியைத் தொடாமல் நேரே என்னிடம் வந்தார். மருமகனுக்குப் பெட்டிச் சாவியைவிடக் கடைத்தெரு வியாபாரம்தான் ஒத்துவரும் என்றும், லெச்சுமிக்கு லெச்சுமி சாவி போடுவதில் தோஷமில்லை என்று பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். எந்தப் பெரியவரை அந்தக் காப்பி ஆறுவதற்குள் கேட்டாரோ! இடைவேளை முடிந்ததும் எழுந்து, “காஷியர் வேலைக்கு நம்ம எஸ்தர்பாய்தான்னு நான் ஆதியில இருந்தே சொல்லிட்டு வாறேன்” என்று அறிவித்தார். ஏஜெண்டு சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நன்றாக அழுதேன். இந்தத் தரம் வெட்கப்படவில்லை.

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பெண்கள் கை தூக்கினார்கள், அவரும் டைரக்டராகவே இருந்தார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். படியில் இறங்கும்போது, அவருக்கே திரும்பவும் போட்டுவிட்டீர்களே அக்கா என்று காதோரம் கேட்டேன். உமையம்மை அக்காள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த டைரக்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இருந்துட்டுப் போட்டும் மக்கா. அடுத்த வருசமும் கூட்டம் உண்டும்லா?”

பேங்க் உத்தியோகத்தில் மேலே வருவது எப்படி என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே இருக்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு அங்கே இருக்கிறார் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதை லேசாக ஆட்டிவிடுங்கள்.